கோமுகிப் பக்கம் ஒரு நந்தவனம்

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஊர் நன்னிலம் பக்கம். எரிந்துபோன மோட்டார் வந்தால் பழைய காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று ரிஜிஸ்டரில் குறித்துக்கொண்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுநாள் பெஞ்சில் வைத்து ஓடவிட்டால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், சரியா தப்பா என்று. 26 வருஷமாக இதே வேலை. அதனால் தோட்டம் போடுவதையும் அதே கணக்கில்தான் எடுத்தேன். கடையில் எழுதாமல் கிடந்த ஒரு ரிஜிஸ்டரில் முதல் பக்கத்தில் 'கோயில் நந்தவனம், ஆரம்பம் 2024 தை' என்று எழுதி, அதற்குக் கீழேயே 'முதல் பூ: சித்திரை' என்றும் எழுதிவைத்தேன். இப்போது 2026 மாசி. அந்த ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதியிருப்பதில் பாதி பொய்த்துப்போன கணக்கு.

அப்பா இருந்தவரை எங்கள் ஊர் சிவன் கோயிலுக்குப் பூ அவர் கையால்தான் போகும். விடிவதற்கு முன்னாடி பனையோலைக் குடலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டு வேலியில் அரளி, எந்தக் கொல்லையில் நந்தியாவட்டை, எந்தச் சந்தில் செம்பருத்தி என்று அவருக்கு ஒரு வழித்தடமே இருந்தது. 2023 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துக் கோயிலுக்குப் போனேன். சுவாமி மேல் ஒரு முழம் கதம்பம், அதுவும் வாடி. குருக்கள் குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்கப்பா போனதுலேர்ந்து சுவாமிக்குப் பூ பஸ்ல வருது."

சுருக்கென்று இருந்தது. பக்தி என்று சொல்லமாட்டேன், மானப் பிரச்சினை. ஆனால் அப்பா மாதிரி குடலையோடு நாலு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குக் கூச்சம். சரி, கோயிலுக்குள்ளேயே போட்டுவிடுவோம் என்று தோன்றியது.

வடக்குப் பிராகாரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் 40-க்கு 25 அடி இடம் சும்மா கிடந்தது. நிர்வாகத்தில் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டேன், செய்யுங்கள் என்றார்கள். சும்மா என்று சொன்னேனே, அதில் நாலு சீமைக் கருவேலம், அதற்கடியில் முந்தைய திருப்பணியில் இடித்துக் கொட்டிய செங்கல், சுண்ணாம்புக் காரை, சிமெண்ட் கட்டி, உடைந்த அகல் எல்லாம் இருந்தது. முதல் கருவேலத்தை நான் தரையோடு அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன். பதினைந்து நாளில் அந்தக் கட்டையைச் சுற்றி ஒரு கை விரலுக்கு மேல் துளிர். பக்கவாட்டு வேர் பிரிகிற கழுத்துக்குக் கீழே, குறைந்தது ஒரு அடி பறித்து வெட்டினால்தான் அது போகும். ஒரு மரத்துக்கு ஒரு நாள், கடப்பாரை, கையில் ரெண்டு கொப்புளம்.

கட்டட இடிபாடு எடுக்க நாலு வாரம். காலையில் ஐந்தரைக்குப் போய் எட்டு மணிக்குக் கடை திறக்கிறவரை. அன்னக்கூடைக் கணக்கு 110 என்று எழுதியிருக்கிறேன். இதில்தான் முதல் கூத்து நடந்தது. மாசி ரெண்டாவது வாரம், கடப்பாரை போட்ட இடத்தில் பச்சையாக, வட்டமாக ஏதோ உருண்டது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தால் ஓட்டைக் காலணா. 1943-லிருந்து 47 வரை நடுவில் துளை போட்டு அடித்தார்களே, அது. வருஷம் தெரியாத அளவுக்குத் தேய்மானம். பெரிய விலைக்குப் போகிற சரக்கு இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அதற்கப்புறம் மூணு நாள் நான் தோண்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செடிக்கு ஒன்றரை அடி ஆழம் போதும் என்று முதல் வாரம் நானே எழுதிவைத்ததை மறந்து மூன்றடி இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கூடை மண்ணையும் விரலால் பிசைந்து பார்த்துத்தான் கொட்டினேன். வேர் எடுப்பதோ கல் பொறுக்குவதோ நினைவிலேயே இல்லை.

நாலாவது நாள் குருக்கள் எட்டிப் பார்த்து, "இங்க என்ன, கிணறா வெட்டறே?" என்றார். காசு கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "திருப்புகலூர் பக்கத்துலதானே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மடப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

திருப்புகலூர் எங்களுக்கு சைக்கிளில் போகிற தூரம். அப்பர் கடைசியாக உழவாரப்பணி செய்து முக்தி அடைந்த ஊர். அவர் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னியது, அவர் அதைக் கல்லோடும் புல்லோடும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. இத்தனை நாளும் அதில் பொன்னைத் தூக்கி எறிந்ததுதான் பெரிசு என்று நினைத்திருந்தேன். கூடை சுமந்த பிறகு கதை வேறு மாதிரி தெரிந்தது. அவர் எது கல், எது பொன் என்று நின்று பிரித்துக்கொண்டிருக்கவில்லை. எறிவதற்குக்கூட தனியாக ஒரு முயற்சி இல்லை, குப்பையோடு போயிற்று. கையில் வேலை நிற்கவில்லை. எனக்கு மூணு நாள் வேலை நின்றது, அதுவும் ஒரு காலணாவுக்கு. காசை உண்டியலில் போட்டேன். ரிஜிஸ்டரில் அந்த மூணு நாளுக்கும் 'மண் வேலை' என்று பொய் எழுதியிருக்கிறேன், அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் கோரை. கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இடிபாடு எடுத்த மண்ணில் பங்குனியில் ரெண்டு நாள் தண்ணீர் தெளித்ததும் பச்சைப் பசேலென்று கிளம்பியது. நான் அரிவாளால் சீவினேன். ஒரே வாரத்தில் முன்னைவிட அடர்த்தி. கையால் பிடுங்கினேன், தாள் மட்டும் அறுந்து வந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், நாற்பது வருஷமாக வயலில் களையெடுக்கிறவர், சாமி கும்பிட வந்தவர் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தலையைக் கிள்ளினா அது கோவிச்சுக்கிட்டுப் பத்தாப் பொறக்கும் தம்பி. இப்படிக் குடு" என்று களைக்கொத்தை வாங்கி, ஈர மண்ணில் சாய்வாக ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, நெம்பி, மண்கட்டியோடு தூக்கி உதறிக் காட்டினார். கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர், அடுத்த கிழங்கு. அதிலிருந்து இன்னொன்று. மணி கோத்த மாதிரி ஏழு. மேலே இருக்கிற கிழங்கு முளைத்திருக்கும்வரை கீழே இருப்பதெல்லாம் தூங்கும். மேலேயுள்ளதை மட்டும் வெட்டினால், கீழே தூங்குகிறதெல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும். நான் ரெண்டு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டு.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அப்பா காரியச் செலவு விஷயமாக அண்ணனுக்கும் எனக்கும் அப்போது பேச்சு சரியில்லை. போனில் கத்துவேன், பிறகு 'சரி விடு' என்று வைப்பேன், நானே பெரிய மனுஷன் மாதிரி அடங்கிப்போனதாக நினைத்துக்கொள்வேன். அடுத்த போனில் செலவுக் கணக்கோடு இருபது வருஷத்துக்கு முந்தைய சைக்கிள் கதையும் சேர்ந்து வரும். அந்த ஏழு கிழங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. அன்று அண்ணனுக்குப் போன் செய்து கத்தாமல் அந்த சைக்கிளைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் பேசினார். அது தனிக் கதை.

கோரைக்கு மந்திரம் எதுவும் கிடையாது. நாலு இலை விடுவதற்கு முன்னாடி, வாரம் ரெண்டு தடவை, கிழங்கோடு எடுக்கணும். இலை தழைத்து மறுபடி கிழங்குக்குச் சத்து அனுப்ப விடக்கூடாது. நிழல் அதற்குப் பிடிக்காது, அதனால் சீக்கிரமாக வேறு ஏதாவது அடர்த்தியாக வளரவேண்டும். ரெண்டு வருஷம் கழித்தும் முழுசாகப் போகவில்லை. வாரத்துக்கு ஒரு சாக்கு எடுத்த இடத்தில் இப்போது ஒரு பிடி எடுக்கிறேன். கூடவே வந்த அருகம்புல் விஷயம் வேறு. எனக்குக் களை, பிள்ளையாருக்கு அர்ச்சனை. பிடுங்குகிற அருகை எல்லாம் கழுவிக் கட்டி அவர் சன்னதியில் கொடுத்துவிடுகிறேன். களையெடுப்புக்கு இப்படி ஒரு சலுகை கிடைத்தது அந்த ஒரு புல்லில்தான்.

மண் பரிசோதனையை எளிமையாகத்தான் செய்தேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டியது. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்காரும், வண்டல் ரெண்டு மணி நேரத்தில், களிமண் மறுநாள் வரை கலங்கலாகவே நிற்கும். எனக்குப் பாதிக்கு மேல் களி. இன்னொரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டதும் சோடா மாதிரி நுரைத்தது. பழைய காரைச் சுண்ணாம்பு மண்ணோடு கலந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றைக்கு எழுதிவைத்தேன், ஆனால் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் அதுதான் படுத்தியது.

சித்திரையில் பூ வந்திருக்க வேண்டும் என் கணக்குப்படி. சித்திரையில் குளம் வற்றிவிட்டது. ஒன்றும் நடவில்லை. வைகாசியில் ஒரு கோடை மழை நல்லபடியாகப் பெய்தது, அந்த ஈரத்தில் பலதானியம் விதைத்தேன். இளங்காட்டில் பிறந்து கடவூரில் வானகம் பண்ணை அமைத்த இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போன முறைதான் இது. சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, சணப்பை, தக்கைப்பூண்டு என்று கலந்துகட்டி அரை கிலோ. 1000 சதுர அடிக்கு அது தாராளம். இடுப்பு உயரம் வந்து பூ வைக்கிற சமயம், ஏறக்குறைய ஐம்பதாவது நாள், அப்படியே வெட்டி மண்ணோடு மடக்கிவிட வேண்டும். எனக்கு மனசே வரவில்லை. தேனீ மொய்க்கிறது, உளுந்து காய் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இருபது நாள் விட்டால் வீட்டுக்கு ஒரு படி உளுந்து. மனைவிதான் கேட்டாள், "உளுந்துக்காகவா போட்டீங்க?" என்று. அன்றே மடக்கினேன். மழையில் அது அழுகி மக்கி, மூணு வாரத்தில் மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த வருஷம் மேட்டூர் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள், எங்கள் குளத்துக்குத் தண்ணீர் எட்டியபோது ஆடி முடியப்போகிறது.

ஆவணியில் நடவு. குண்டுமல்லி 12, நாலடி இடைவெளியில், ஒரு அடிக்கு ஒரு அடி குழியில் பத்து கிலோ தொழு உரம். நந்தியாவட்டை 6, செம்பருத்தி 5, துளசி ஒரு வரிசை, நாற்றங்காலில் வாங்கிய மூன்றடிப் பவளமல்லி ஒன்று, மூலையில் ஒரு வில்வம். வாசல் பக்கம் வேலி மாதிரி செவ்வரளிக் குச்சி. அரளியை நட்டது அழகுக்குத்தான். பிறகு ஒரு நாள் கதவு திறந்திருந்து ஆடு நுழைந்தபோது செம்பருத்தி மொட்டையாயிற்று, அரளியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விஷம் என்று அதற்குத் தெரியும். இப்போது மற்ற பக்கமும் அரளிதான். குச்சி வெட்டினால் கை கழுவாமல் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு நான் கண்டுபிடித்த வழி கோமுகி. கருவறை அபிஷேகத் தண்ணீர் வடக்குப் பக்கமாகத்தானே வெளியே வரும், அதை மதில் ஓரச் சாக்கடையில் விடாமல் ஆறு அங்குல வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் திருப்பினேன். சாதாரண நாளில் ஐந்தாறு குடம், பிரதோஷத்தன்று இருபதுக்கு மேல். யாரும் கோமுகியைத் தாண்டமாட்டார்கள், அதனால் மிதிபடாது. பெருமையாக இருந்தது. ஒரே மாசத்தில் நாற்றம். பாலும் தயிரும் புளித்து, எண்ணெய் மிதந்து, கட்டெறும்பு வரிசை கட்டிவிட்டது. விபூதி வேறு சேறாக அடியில் படிந்தது. விபூதி சாம்பல்தானே, ஏற்கெனவே சுண்ணாம்பாக இருக்கிற மண்ணுக்கு அது இன்னும் கொஞ்சம் சேர்மானம். தீர்வு என்ன செய்தேன் என்றால், வாய்க்காலின் தொடக்கத்தில் ரெண்டடிக் குழி, அதில் கீழே கருங்கல் ஜல்லி, மேலே அடுப்புக்கரி, அதற்கு மேல் மணல். அதிலிருந்து வழிகிறது முதலில் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும், அவை எதையும் குடிக்கும். அதைத் தாண்டி வருவதுதான் பூச்செடிக்கு. மாசம் ஒரு தடவை மேல் மணலை மாற்றணும். இதைச் செய்யாமல் அபிஷேகத் தண்ணீர் புனிதம், செடிக்கு நல்லது என்று நேராக விட்டால் வேர் அழுகும். நான் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மதில் ஓரம் நட்ட நந்தியாவட்டையிலும் செம்பருத்தியிலும் புரட்டாசியில் இலை மஞ்சளாயிற்று. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். நான் பசி என்று நினைத்து டிஏபி உரம் போட்டேன், இன்னும் வெளுத்தது. அந்த வினிகர் நுரையை அப்போதுதான் ரிஜிஸ்டரில் திரும்பப் பார்த்தேன். மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, டிஏபியில் இருக்கிற மணிச்சத்தை அதிகமாகக் கொட்டினால் இன்னும் மோசம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, இலையில் தெளித்தேன், பதினைந்து நாள் இடைவெளியில் மூணு தடவை. புதுத் துளிர் பச்சையாக வந்தது. அது உடனடி வைத்தியம். நிரந்தரமாக, மதில் ஓரத்து மண்ணை எடுத்துவிட்டு மக்கை நிரப்பினேன்.

மக்கு எங்கிருந்து என்றால் நிர்மாலியத்திலிருந்து. சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூ, வில்வம், மாலை எல்லாம் கால் படாத இடத்தில் போடவேண்டும் என்று குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் நாலுக்கு நாலு செங்கல் தொட்டி கட்டி அதில் போட ஆரம்பித்தோம். ஒரு அடுக்கு பூ, ஒரு அடுக்கு காய்ந்த சருகு, மேலே சாணிக் கரைசல். மூணு மாசத்தில் கறுப்பாக மண் வாசனையோடு வரும். வேலை எல்லாம் மாலையைப் பிரிப்பதில்தான், வாழைநாராக இருந்தால் அதுவும் மக்கும், இப்போது வருவது பாதி நைலான் நூல், ஜிகினா. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருப்பேன். காயில் பிரிக்கிற கை, அதனால் பொறுமை போவதில்லை.

கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் உருவான அந்த வாரம் டெல்டாவில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தில் ரெண்டு நாள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. களிமண், வடிகால் கிடையாது. பன்னிரண்டு மல்லியில் ஒன்பது போயிற்று. கவாத்து செய்ய வேண்டிய மாசத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். எழுதியிருக்கிறேன்: 'மல்லி 9 நஷ்டம். வடிகால் இல்லை. என் தப்பு.' அன்று சாயங்காலம் குருக்களிடம், சுவாமிக்குத்தானே போட்டேன், அவரே இப்படிச் செய்யலாமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர், "மழை வேணும்னு வருண ஜபம் பண்ணினதும் நாங்கதாம்ப்பா" என்றார். மேற்கொண்டு என்ன கேட்பது?

தண்ணீர் வடிந்ததும் மண்ணை ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியாக, மூன்றடி அகலத்துக்குக் கட்டி, நடுவில் ஓடுகிற கால்வாயைக் குளத்துப் பக்கம் சரித்துவிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். புதிதாகத் தோட்டம் போடுகிற யாரும், எங்கள் பக்கத்து மண்ணில், செடி வாங்குவதற்கு முன்னாடி தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று பாருங்கள். எப்படி உள்ளே வரும் என்று மட்டும் பார்த்தவன் நான்.

மேட்டுப்பாத்தி கட்டிய கையோடு மார்கழியில் முழுசாக ஒரு களையெடுப்பு. மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு ஏதேதோ முளைத்திருந்தது. நான் நட்டது எது, நடாதது எது என்பதுதான் என் அளவுகோல். நடாததை எல்லாம் பிடுங்கிக் குவித்தேன். காலை பூஜைக்கு வந்த குருக்கள் குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். குனிந்து ஒரு செடியை எடுத்தார். கணுக் கணுவாக உருண்டை, அதில் வெள்ளையாகச் சின்னப் பூ, நாக்கு நீட்டிய மாதிரி ஒற்றை இதழ். "தும்பை" என்றார். "சிவனுக்குத் தும்பையைவிட என்ன வேணும்? தானா வந்து நின்னுருக்கு, புடுங்கிப் போட்டுட்டியே." கோபமாகச் சொல்லவில்லை. குவியல் பக்கத்தில் உட்கார்ந்து வாடாத பூவாகப் பார்த்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாக உருவி வாழை இலையில் போட்டார். நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. பன்னிரண்டு மல்லிக்கு குழி அளந்து, உரம் எடைபோட்டு, புயலில் பறிகொடுத்தவன், கேட்காமல் வந்த பூவை வேரோடு பிடுங்கியிருக்கிறேன். தும்பை என்னவென்று தெரியாதவன் இல்லை. சின்ன வயசில் சளிக்கு அம்மா அதன் சாறு விடுவார்கள். தெரிந்தும் கண்ணில் படவில்லை, என் திட்டத்தில் அது இல்லை.

அந்தச் செடிகளின் காய்ந்த தலையை எல்லாம் பொறுக்கி, உதறி, வடக்கு ஓரம் ஒரு பாத்தியில் தூவிவிட்டேன். அந்தப் பாத்திக்கு இன்றுவரை உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, நான் கை வைப்பது கிடையாது.

2025 கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனியில் மல்லி மறுபடி நட்டேன், இந்தத் தடவை மேட்டில். வில்வத்துக்குப் பக்கத்தில் மெருகு போடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து வாரம் ஒரு தடவை தண்ணீர் நிரப்பினேன், கோடையில் அது ஒன்றுதான் வாடவில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. சாமிக்கு வளர்க்கிற செடியில் கொல்வதா என்று எனக்கு ஒரு குழப்பம், குருக்களைக் கேட்டால் "முதல்ல தண்ணியைப் பீச்சி அடி" என்றார். அடித்தேன், முக்கால்வாசி போயிற்று. மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல். அது கொலையா இல்லையா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. எறும்பு ஏறுவதை நிறுத்தினால் மாவுப்பூச்சி குறையும், அதை முதலில் பாருங்கள்.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறைக்கு அண்ணன் பேத்தி வந்தாள், ஐந்து வயசு. விடியற்காலை என்னோடு வந்தாள். பவளமல்லிக்கு அடியில் சாணம் மெழுகி வெள்ளைத் துணி விரித்து வைப்பேன், அது இரவில் பூத்து விடியும்போது தானாக உதிர்கிற பூ, எங்கள் வழக்கத்தில் கீழே விழுந்தாலும் சாமிக்கு ஆகிற பூ அது ஒன்றுதான். குழந்தை ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து இழுத்துவிட்டது. நான் பதறிப்போய்க் கையைத் தட்டிவிடப் போனேன். சாமி பூவை முகரக்கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். எங்கள் திருவாரூரில்தானே கழற்சிங்க ராஜாவின் ராணி பூ மண்டபத்தில் கிடந்த பூவை முகர்ந்ததற்குச் செருத்துணை நாயனார் அவள் மூக்கை அறுத்தார். பூவை எடுத்த கையை ராஜாவே வெட்டினார். குருக்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "விடு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரான்னா மாலையைப் போட்டுண்டே குடுப்பா" என்று சிரித்தார். சிவன் கோயில் குருக்கள் ஆண்டாளைத் துணைக்கு இழுத்ததில் எனக்கு ஆச்சரியம். அந்தப் பிடிப் பூவை அவள் தலையில் வைத்து அனுப்பினோம், மீதி சுவாமிக்கு. "சின்னத் தாத்தா, நீங்க ஏன் மோந்து பாக்க மாட்டேங்கறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். ரெண்டு வருஷம் வளர்த்தவன், கிட்டே வைத்து ஒரு பூவின் வாசனைகூடத் தெரியாதவன். எனக்குக் கிடைப்பது காற்றில் வருவது மட்டும்.

ஒரு விஷயத்தில் இன்னும் மாறவில்லை. தினமும் பறிக்கிற பூவை எண்ணுகிறேன். 'அரளி 64, நந்தியாவட்டை 112' என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. சுற்று எண்ணியே பழகின கை. யாராவது கேட்டால் இத்தனை என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, மறைப்பானேன். தும்பை மட்டும் எண்ண முடியாது, அவ்வளவு சின்னது, எண்ணுவதற்குள் வாடிவிடும். இந்த சிவராத்திரிக்கு அந்த வடக்குப் பாத்தியிலிருந்து மட்டும் ரெண்டு குடலை தும்பை. ரிஜிஸ்டரில் அந்த நாளில் 'தும்பை' என்று எழுதி எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. அண்ணன் குடும்பத்தோடு வந்து நாலு காலமும் இருந்தார். அப்பாவின் குடலை பிய்ந்துவிட்டது என்று புதுசு ஒன்று முடைந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

பாக்கி வேலை: ஐப்பசிக் கடைசியில் கவாத்து செய்த மல்லி இப்போது துளிர்த்திருக்கிறது, பங்குனியில் மொட்டு பார்க்கலாம். கோமுகிக் குழியில் மணல் மாற்றணும். தெற்கு ஓரம் கோரை மறுபடி தலை காட்டுகிறது.

தோட்டத்திலிருந்து வெளியே வர சண்டிகேஸ்வரரைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர் முன்னாடி ரெண்டு கையையும் தட்டிக் காட்டிவிட்டுப் போவது வழக்கம், கோயில் சொத்து எதையும் எடுத்துப்போகவில்லை என்று. நேற்று தட்டினபோது காய்ந்த மண் பொலபொலவென்று அவர் மேடையில் கொட்டியது. குருக்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நகக்கண்ணுல இன்னும் இருக்கு பாரு" என்றார்.